அந்தப் பக்கம் வெயில் இல்லை

நீங்கள் ஜன்னல் ஓரம் உட்காருங்கள் அக்கா. எனக்கு வேண்டாம். இந்த வளைவுகளில் கீழே பார்த்தால் தலை சுற்றும். இரண்டு வருடமாக இதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன், இன்னும் பழகவில்லை. ஷட்டர் மட்டும் கொஞ்சம் முரடு. இரண்டு கையாலும் இழுத்தால்தான் இறங்கும்.

இல்லை, ஃபைலை மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லை. உள்ளே மூன்று தாள்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நான் பொதுவாக யாரிடமும் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசி நாள் பக்கத்தில் இருந்த பெண், 'உன் குரல் இப்படித்தான் இருக்குமா' என்று கேட்டாள். வகுப்பில் மட்டும் பேசுவேன். பிள்ளைகள் முன்னால் பேச எனக்குக் கூச்சமில்லை. அவர்கள் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

இதில் இருப்பது ஒரு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பையன் பாஸ். ஐந்நூறுக்கு முந்நூற்று முப்பத்தெட்டு. அவன் ஊரில் அவனுக்கு முன்னால் யாரும் பத்தாவது முடித்ததில்லை. அதை அவன் வாங்கமாட்டேன் என்கிறான். இன்றைக்கு நானே அவன் வீடு வரைக்கும் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை, அட்டைப்பூச்சி கடித்து இங்கே பாருங்கள், இன்னும் ரத்தம் நிற்கவில்லை. போயும் வாங்கவில்லை. நாளையோடு பிளஸ் ஒன் சேர்க்கை முடிகிறது. விண்ணப்பத்தில் அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நானே பார்த்துக்கொள்வேன். போடவில்லை.

அவன் பெயர் சடையன். குறும்பர். எங்கள் பள்ளியில் எல்லோரும் மலைச்சனம்தான். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. நான் சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நான்தான். தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி எடுப்பார்களா என்று பார்க்க வேண்டும். என் ஊர் கரூர்ப் பக்கம். அம்மா, வேலை நிரந்தரமாகட்டும், பிறகு மறுபடி கல்யாணத்தைப் பேசலாம் என்று இருக்கிறாள்.

நான் சேர்ந்த வருடம் தேர்ச்சி அறுபத்தொரு சதவீதம். எச்.எம். சார் அன்றே என்னைக் கூப்பிட்டு, நூறு சதவீதம் வாங்கின பள்ளிகளை மாவட்டத்தில் மேடையேற்றி மரியாதை செய்கிறார்கள், நம்மையும் ஒருமுறை ஏற்றிவிடும்மா என்றார். நல்ல மனிதர். அதட்டமாட்டார். ஏற்றிவிட்டால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதுகிறேன் என்றார்.

இந்த வருடம் நூறு. இருபத்து மூன்று பேர் எழுதினார்கள், இருபத்து மூன்று பேரும் பாஸ். முதலில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். மூன்று பேர் பொங்கல் விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளைகள். வேறு வருடமாக இருந்தால் ஊருக்குப் போய் அழைத்து வந்திருப்போம். இந்த வருடம் போகவில்லை, அவ்வளவுதான். நாங்கள் யாரையும் போகச் சொல்லவில்லை.

சடையனை எனக்குப் பிடிக்கும். என்னைப் போலவே பேசமாட்டான். கடைசிப் பெஞ்சில், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காருவான். அந்த ஜன்னலிலிருந்து பள்ளிக் கேட் தெரியும். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், பதில் தெரிந்திருக்கும், வாய் லேசாகத் திறக்கும், சொல்லமாட்டான். எழுதச் சொன்னால் எழுதுவான். அதில்தான் சிக்கல். நிறைய எழுதுவான்.

அரையாண்டுத் தேர்வில் காடுகளின் பயன்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஐந்து மதிப்பெண். மழை தருகின்றன, மண்ணரிப்பைத் தடுக்கின்றன, இப்படி ஐந்து பாயிண்ட் எழுதினால் முடிந்தது. அவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். எந்த மரம் எந்த மாதம் பூக்கும், எந்தப் பூவின் தேன் கசக்கும், பாறையில் எந்தப் பக்கம் தேனீ கூடு கட்டாது. பிறகு கயிறு. அவர்கள் காட்டுக்கொடியில் கயிறு முறுக்கிப் பாறை உச்சியில் மரத்தில் கட்டி, அதில் இறங்கித் தேன் எடுப்பார்கள். மேலே கயிற்றுக்குக் காவலாக ஒருவன் இருப்பான். கீழே இருப்பவன் குரல் மேலே கேட்காது. அதனால் கயிற்றை இழுத்துத்தான் பேசிக்கொள்வார்களாம். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு இழுப்பு என்றால் கயிறு பாறை விளிம்பில் உரசுகிறது, தள்ளி நகர்த்து. மூன்று என்றால் இன்னும் விடு. இதையெல்லாம் நம்பர் போட்டு எழுதியிருந்தான்.

அழகாகத்தான் எழுதியிருந்தான். நான் முழுக்கப் படித்தேன். ஆனால் விடைக்குறிப்பில் அது இல்லையே அக்கா. நான் என்ன செய்யமுடியும்? ஐந்துக்கு இரண்டு போட்டேன். கயிற்றைப் பற்றி எழுதினதன் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு 'தேவையற்றது' என்று எழுதினேன். பொதுத்தேர்வில் திருத்துகிறவர் என்னைப் போல் முழுக்கப் படித்துக்கொண்டு இருக்கமாட்டார், ஐந்து பாயிண்டை மட்டும் எழுது என்று அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவனும் கேட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு வரி கூடுதலாக எழுதியதில்லை. நல்ல பையன் என்று அதனால்தான் சொல்கிறேன்.

அப்பா அம்மா இல்லாதவன். அக்கா கெம்பியும் அவள் வீட்டுக்காரர் மருதனும்தான் வளர்த்தார்கள். பள்ளிக்கு யாராவது வருவதென்றால் அந்த மருதன்தான் வருவார். எல்லா ஆசிரியர்களிடமும் கேலி பேசுவார். என்னைப் பார்த்தால் மட்டும், 'இந்த டீச்சருக்குப் பேச்சு வருமா சடையா' என்று அவனிடம் கேட்பார். எனக்குக் கோபம் வராது. உள்ளே சிரிப்புத்தான் வரும்.

பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை அறிவியல் முடிந்தது. அடுத்த செவ்வாய் சமூக அறிவியல், கடைசித் தேர்வு, என் பாடம். நடுவில் நான்கு நாள். வெள்ளிக்கிழமை மருதன் வந்தார். தேன் இறங்கும் நேரம், கோடை மழை முந்திக்கொண்டால் கூடெல்லாம் வீணாகிவிடும், சடையனை மூன்று நாளைக்கு அனுப்புங்கள் என்றார். திங்கள் சாயங்காலமே தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்.

முடியாது என்றேன். எனக்கு அப்படிப் பட்டென்று சொல்லவே வராது. ஆனால் போன வருடம் இப்படித்தான் தேனுக்குப் போன இரண்டு பையன்கள் தேர்வுக்கே வரவில்லை. நான் எப்படி அனுப்புவேன்? கயிறு பிடிக்க வேறு ஆளா இல்லை என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அது எப்படிங்க டீச்சர். பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். வேற யாரு பிடிச்சாலும் நான் கீழ எறங்கமாட்டேன். இவனுக்கு என்மேல கோவம் இருக்கலாம். அக்காமேல இருக்காதில்ல?"

அவர்கள் வழக்கம் அது. கீழே தொங்குகிறவன் உயிர் மைத்துனன் கையில். தன் அக்காவை அவன் தாலியறுக்க விடமாட்டான் என்பதுதான் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு கயிற்றைப் பார்த்துக்கொள்ள யாராக இருந்தால் என்ன? அதற்கெல்லாம் ஒரு படிப்பா? அதைத்தான் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் மரியாதையாக. ஒரே ஒரு வருடம் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள், இவன் வாழ்க்கை இதில் இருக்கிறது என்றேன்.

சடையன் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் விருப்பம் இல்லாமல் நான் எதையும் செய்யவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீயே சொல், பரீட்சையா, தேனா? மச்சான் முன்னாலேயே சொல்.

அவன் வாய் லேசாகத் திறந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

பேசாமல் நின்றால் சம்மதம்தானே. எனக்குப் போன வருடம் ஒரு இடத்தில் கல்யாணம் பேசி முடித்தபோது நானும் அப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எல்லோரும் சம்மதம் என்று எழுந்துவிட்டார்கள். அது பிறகு நின்றுபோனது. அன்றைக்கு எவ்வளவு நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன் தெரியுமா? அதை விடுங்கள், அது வேறு கதை.

மருதன் என்னோடு சண்டைக்கு வரவில்லை. சரிங்க டீச்சர் என்று வெளியே போனார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சடையனிடம் ஏதோ சொன்னார். அவர்கள் பேச்சு எனக்கு முழுக்கப் புரியாது. பையன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், இருவரும் சிரித்தார்கள். அதனால் மனசு லேசாகி நான் போய்த் திருப்புதல் வினாத்தாள் தயாரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மருதன் பாறையிலிருந்து விழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எச்.எம். சாருக்குப் போன் வந்தது. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருதன் உயிர் போய்விட்டது என்று சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. சடையனை உடனே அனுப்பிவிடலாமா என்று என்னைத்தான் கேட்டார். ஆனால் ஒவ்வொரு வருடமும் பேப்பரில் வருமே அக்கா, அப்பா உடல் வீட்டில் கிடக்க மாணவி வந்து தேர்வு எழுதினாள் என்று. படிக்கும்போதே எனக்கு அழுகை வரும். எவ்வளவு பெரிய மனசு என்று நினைப்பேன். அது என் ஞாபகத்துக்கு வந்தது. நாளை ஒரு நாள் சார், எழுதி முடிக்கட்டும் சார், அதுவரை சொல்லவேண்டாம் என்று நான் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு சரிம்மா என்றார்.

அந்த மாணவிக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம். தெரிந்தால் எழுதியிருக்கமாட்டான்.

மதியம் இரண்டு மணி இருக்கும். அவன் ஊரிலிருந்து இரண்டு பேர் கேட்டில் வந்து நின்றார்கள். அவனைக் கூட்டிப்போக வந்தவர்கள். பத்தாம் வகுப்பில் நான் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக நான்தான் முதலில் பார்த்தேன். சடையன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். அந்த ஜன்னலைச் சாத்து, வெயில் அடிக்கிறது என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து, வெளியே பார்க்காமல், சாத்தினான். எல்லோரும் சத்தமாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்குப் போனேன்.

தேர்வு மையத்துக்குப் போயிருக்கிறான், ஹால் டிக்கெட்டில் ஒரு திருத்தம், வர இரவாகிவிடும் என்று அவர்களிடம் சொன்னேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை அக்கா. கல்லூரியில் ஒருநாள்கூடக் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுத்ததில்லை. அவர்களில் வயதானவர், பிள்ளைகள் படிக்கிற சத்தம் கேட்கிறதே என்றார். ஒன்பதாம் வகுப்பு என்றேன். உள்ளே இருபத்து மூன்று பேரும், காடுகள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன, காடுகள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் குரலும் அதில் இருந்திருக்கும். அவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே சரியாகத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்ததோ என்னவோ. அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு இருவரும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை பத்தாம் வகுப்பை நான் வெளியே விடவில்லை. சமையல்கார அக்காவிடம் சொல்லி டீ கொடுக்கச் சொன்னேன். குடிக்கவில்லை.

அன்றைக்கு இருட்டுவதற்குள் அடக்கம் செய்துவிட்டார்களாம். அதற்கு மேல் வைக்கமுடியாது, மலையில் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவார்கள்? மைத்துனன் கை பட்டுத்தான் குழியில் இறக்கவேண்டுமாம். எங்கள் பக்கத்திலும் பிறந்த வீட்டுக் கோடித்துணி என்று ஒன்று உண்டு. அண்ணன் தம்பி வராவிட்டால் பங்காளி போடுவதில்லையா? எதற்கும் ஒரு மாற்று இருக்கும்.

செவ்வாய்க்கிழமை தேர்வு முடிந்து மையத்தின் வாசலில் காத்திருந்தேன். சடையன் வெளியே வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். இரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து அவன் சிரித்தது அன்றைக்குத்தான். தானாகவே பேசினான். "டீச்சர், காடுகளின் பயன்கள் வந்துச்சு. அஞ்சு பாயிண்ட்டும் எழுதிட்டேன். வேற ஒண்ணும் எழுதல."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பிறகுதான் சொன்னேன். இன்று காலையில்தான் செய்தி வந்தது என்றேன். அது ஒன்றையும் சேர்த்து மூன்று பொய். மூன்றும் அவனுக்காகச் சொன்னது.

அவன் அழவில்லை. ஜீப்பில் கூட்டிப்போனோம். பாதி வழியில், "கயிறு யாரு பிடிச்சாங்க டீச்சர்?" என்று கேட்டான். எனக்கெப்படித் தெரியும்? தெரியாது என்றேன்.

பிடித்தது கெம்பி. அவன் அக்கா. மழை மூட்டம் போட்டுவிட்டது, ஊரில் மற்றவர்கள் அவரவர் மச்சானோடு வேறு பாறைக்குப் போய்விட்டார்கள். தம்பிக்குப் பதில் நான் இருக்கிறேன், ஒரே ரத்தம்தானே என்று அவளே கிளம்பியிருக்கிறாள். பெண்கள் அங்கே போவதில்லையாம். மருதன் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். பிறகு, உன் தம்பியைவிட நீ என்னை ஒழுங்காகப் பிடிப்பாய் என்று கேலி பேசிக்கொண்டே இறங்கினாராம்.

நாங்கள் போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னாள். அவர்கள் பேச்சுதான், ஆனாலும் எனக்குப் புரிந்தது.

"ரெண்டு வாட்டி இழுத்தாரு. எனக்கு என்னன்னு தெரியல. இன்னும் வேணும்போலன்னு விட்டேன். மறுபடி ரெண்டு வாட்டி இழுத்தாரு. மறுபடி விட்டேன்."

சடையன் அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நகத்தணும்க்கா," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எனக்கு அது தெரியும். இரண்டு இழுப்பு என்றால் நகர்த்த வேண்டும். அவன் தாளில் படித்திருக்கிறேனே. பாவம், அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கும் எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபடுகிறோம்.

மே மாதம் தேர்வு முடிவு வந்தது. நூறு சதவீதம். சமூக அறிவியலில் சடையன் தொண்ணூற்று ஒன்று, வகுப்பில் முதல். எச்.எம். சார் மேடையேறினார். எனக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஒரு பேப்பர்க்காரர் வந்தார். சார் சடையனைப் பற்றிச் சொன்னார். சாருக்கும் எனக்கும் இடையில் மறைத்து வைத்ததைப் பற்றி ஒரு பேச்சும் நடக்கவில்லை. ஆனால் பேப்பரில் வந்தபோது, அக்கா கணவர் இறந்த துக்கத்தையும் தாங்கிக்கொண்டு தேர்வு எழுதிய மலைக்கிராம மாணவன் என்று வந்தது. நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை. அவனுக்குப் பெருமைதானே. வெட்டி வைத்திருக்கிறேன். ஃபைலில் மூன்று தாள் என்றேனே, மதிப்பெண் பட்டியல், விண்ணப்பம், மூன்றாவது அதுதான்.

ஜூன் பிறந்தது. அவன் வரவில்லை. அந்த ஊரிலிருந்து கீழ் வகுப்புகளில் நான்கு பிள்ளைகள் படித்தார்கள், அவர்களும் வரவில்லை. சடையன் ஒரு ரிசார்ட்டில் புல் வெட்டப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். தொண்ணூற்று ஒன்று வாங்கினவன் அக்கா. அதனால்தான் இன்றைக்கு லீவு போட்டுக் கிளம்பினேன்.

அவர்கள் மரியாதைக் குறைவாக நடத்தினார்கள் என்று சொல்லமாட்டேன். கட்டில் போட்டார்கள். கெம்பி கடுங்காப்பி கொடுத்தாள். சடையன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். உயரமாகிவிட்டான். நான் பட்டியலை எடுத்து நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை. கட்டிலில் வைத்தேன். பிளஸ் ஒன், பிறகு கல்லூரி, பிறகு அரசு வேலை, உன் அக்காவை நீ ராணி மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் பேசினேன். நான் அவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அப்போதுதான் அந்தப் பேப்பர் வெட்டு ஞாபகம் வந்தது. கெம்பிக்குப் படிக்கத் தெரியாது, தம்பியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியட்டுமே என்று நானே வாசித்துக் காட்டினேன்.

முழுக்க வாசித்தேன். மரணச் செய்தி கேட்டும் மனம் தளராமல், என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் கெம்பி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அச்சில் இருக்கிறதே. நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பழைய மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். எவ்வளவு நேரமாகியும் திரும்பி வரவில்லை.

அவன் பட்டியலை எடுத்து என் ஃபைலில் வைத்தான். விண்ணப்பத்தை வைத்தான். பேப்பர் வெட்டையும் மடங்காமல் வைத்தான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற பையன். பிறகு சொன்னான்.

"மத்தியானத்துக்கு மேல அந்த ஜன்னல்ல வெயில் வராது டீச்சர்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், வெயில் இல்லை என்று அப்போதே தெரியும் என்றால் என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் மறைத்திருப்பேனா?

"நீங்க சொன்னீங்க. சாத்தினேன்," என்றான்.

அவ்வளவுதான் அக்கா. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தான். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தூள் தடவிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தான். நான் தடவவில்லை, எனக்கு அந்த வாசனை ஆகாது. பஸ் வந்ததும் கை காட்டி நிறுத்தினான். நான் ஏறின பிறகு திரும்பி நடந்தான். விடுதியிலிருந்து ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் கேட்டில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். இன்றைக்குப் பார்க்கவில்லை.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கும்? மச்சானும் போய், பத்தாவதும் போய். இப்போது பத்தாவதாவது இருக்கிறது. அவன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது அவன் பெயரில் இருக்கிறது. யாரும் அழிக்கமுடியாது. நாளைக்குச் சாரிடம் சொல்லி இதைப் பீரோவில் வைக்கச் சொல்கிறேன். என்றைக்காவது வருவான். பீரோவில் ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கிறது, பழைய வருடங்களில் வாங்காமல் போனவர்களுடையது. அதோடு இருக்கட்டும்.

என்ன அக்கா, ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்? பரவாயில்லை. நானும் அப்படித்தான்.

அடுத்த வளைவில் எங்கள் பள்ளி வரும். உங்கள் பக்கம்தான், பாருங்கள். கேட்டுக்கு மேலே பெரிய பேனர் வைத்திருக்கிறோம். இருபத்து மூன்று பேர் படமும் இருக்கிறது. கடைசி வரிசையில் வலது பக்கத்திலிருந்து இரண்டாவது, அதுதான் சடையன். வாய் லேசாகத் திறந்திருக்கும். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். போட்டோக்காரர் இன்னொன்று எடுக்கலாம் என்றார், நேரமில்லை, இதுவே போதும் என்று நான்தான் சொன்னேன்.

இதோ வந்துவிட்டது. பாருங்கள், பாருங்கள்.

ஏன் அக்கா ஷட்டரை இறக்குகிறீர்கள்? அந்தப் பக்கம் வெயில் இல்லையே.